மாடிப்படியில ஒரு பீரோ

"என்னைப் பேச வேணாம்னுட்டாங்க, மிஸ்."

ஜெனோவா மிஸ் திரும்பிக்கூடப் பாக்கல. தரையில ஒக்காந்து புத்தகத்தையெல்லாம் அடுக்கி, கயித்தால கட்டிக்கிட்டு இருந்துச்சு.

"யாரு?"

"காலேஜ்ல. மூட் கோர்ட்டுல. வாதம் பூரா நான் எழுதுனது. இப்ப ஹர்ஷினி பேசட்டும், நீ பக்கத்துல ஒக்காந்து பேப்பர் எடுத்துக் குடுன்னு சொல்றாங்க."

"ம்."

"என்ன ம்? நான் என்ன ஜெராக்ஸ் கடையா?"

மிஸ் ஒரு முடிச்சுப் போட்டுச்சு. இழுத்துப் பாத்துச்சு. அவுத்துட்டு மறுபடி போட்டுச்சு.

மூட் கோர்ட்டுன்னா பொய்க் கோர்ட்டு. லா காலேஜ்ல படிக்கிறவங்களுக்கு நடக்குற போட்டி. கேஸ் பொய், கட்சிக்காரன் பொய், ஜட்ஜும் பொய். தோத்தா வர்ற எரிச்சல் மட்டும் நிஜம். ஒருத்தர் எந்திரிச்சுப் பேசணும். இன்னொருத்தர் பக்கத்துல ஒக்காந்து கேட்டத எடுத்துக் குடுக்கணும்.

எங்களுக்கு வந்த கேஸ் இதுதான். உலகத்துலயே இல்லாத ஒரு மாநிலம். அங்க ஒரு சட்டம். ஹாஸ்டல் பொண்ணுங்க சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வெளிய போகக்கூடாது. அந்தச் சட்டம் செல்லாதுன்னு நாங்க வாதாடணும்.

நானே ஹாஸ்டல்ல இருக்கிறவ. இந்தக் கேஸ்ல எனக்கு வர்ற ஆத்திரம் ஹர்ஷினிக்கு எங்கேருந்து வரும்? அவளுக்குத் தில்லை நகர்ல சொந்த வீடு.

"எதுக்கு வேணாம்னாங்க?"

"ஒரே ஒரு வார்த்தைக்கு."

"சொல்லுங்க."

சொன்னேன்.

"கான். ஸ்டி. ட்யூ. ஷ. னா. லி. ட்டி."

கீழ பவுன்ராஜ் அண்ணன் காப்பித்தூள் கடை மெஷின் ஓட ஆரம்பிச்சுது. மாடியே லேசா அதிர்ந்துச்சு. மிஸ் கிளாஸ் அந்தக் கடைக்கு மேல. பாலக்கரையில இங்கிலீஷ் படிக்க வர்றவங்க எல்லாரும் சட்டையில காப்பி வாசத்தோடதான் வீட்டுக்குப் போவாங்க.

ஒரு சட்டம் அரசியல் சட்டத்துக்கு ஒத்துப் போகுதா இல்லையாங்கிறதுக்கு இங்கிலீஷ்ல இருக்கிற வார்த்தை அது. என் வாதத்துல மொத வரியிலயே அது வருது. சுத்தி வளைச்சுப் போகவும் வழி இல்ல.

"சுலோச்சனா மேடம் என்ன கேட்டாங்க தெரியுமா? பூங்கோதை, இது வார்த்தையா, கூட்ஸ் வண்டியான்னு கேட்டாங்க. கிளாஸே சிரிச்சுது. நான் ஒரு எழுத்த விட்டேனா? விட்டேனா சொல்லுங்க!"

"விடல."

"சுத்தமாச் சொன்னேனா இல்லையா?"

"சுத்தமாதான் சொன்னீங்க."

"ஹர்ஷினி பாதிய முழுங்குறா. அது நல்லா இருக்காம்!"

"எத முழுங்கல?"

"என்னது?"

"பாதிய முழுங்குறாங்க. மீதி பாதியில எத முழுங்கல?"

"எனக்கென்ன தெரியும்? எங்கயோ ஒரு எடத்துல நங்குன்னு ஒரு குத்து. மத்ததெல்லாம் காத்துல போயிடுது. நான் கேக்குறேன், அரசியல் சட்டமே எல்லாரும் சமம்ங்குது. அந்த வார்த்தைக்குள்ள மட்டும் ஒருத்தன் ஒசத்தி, மத்தவன்லாம் வாயப் பொத்திக்கிட்டு நிக்கணுமா? என்ன நியாயம் இது? மொதல்ல இதுக்குப் பதில் சொல்லு."

சொல்லுங்கன்னுதான் சொல்ல நெனச்சேன். கோவத்துல சொல்லுன்னு வந்துடுச்சு.

எனக்கு இருபத்தேழு வயசு. சின்னக்கடை வீதியில ஒரு ஜவுளிக் கடையில பொடவ விரிச்சுப் போட்டுக்கிட்டு இருந்துட்டு, அப்புறம் லா காலேஜ் சேந்தவ. பேசிப் பேசியே வேணாங்கிறவங்க தலையிலயும் பட்டுப் பொடவயக் கட்டுனவ. மிஸ்ஸுக்கு இருபத்திரெண்டு. அது என்னை அக்காங்கும். நான் அதை மிஸ்ங்கிறேன். சண்டை வந்தா மட்டும் என் பக்கம் மரியாத கொறஞ்சுடும்.

மிஸ் எந்திரிச்சுக் கையத் தட்டிக்கிச்சு.

"பதில் சொல்றேன் அக்கா. அதுக்கு முன்னாடி இந்தப் பீரோவ எறக்கணும். ஒரு கை புடிங்க."


பீரோ மூலையில நின்னுச்சு. பழைய இரும்புப் பீரோ. பச்சக் கலர். கதவுல ஆளுயரக் கண்ணாடி. மிஸ்ஸோட அம்மா கல்யாணத்துக்கு வந்த சீராம். மாடி ஓனர் பையனுக்குக் கல்யாணம், அதனால ரூம காலி பண்ணணும். எதிர்ச் சந்துல தரைத்தளத்துல ஒரு ரூம் பாத்திருக்கு. புத்தகம், பலகை, நாற்காலியெல்லாம் காலையிலயே போயிடுச்சு. இது ஒன்னுதான் மிச்சம்.

"திங்கக்கெழம என்னை இன்னொரு தடவ பேசச் சொல்லிக் கேப்பாங்க. அன்னிக்கும் இதே மாதிரின்னா ஹர்ஷினிதான் பேசுவா. இன்னிக்குச் சனிக்கெழம. நான் இங்கிலீஷ் கத்துக்க வந்தேன். பீரோ தூக்க வரல."

"தெரியும் அக்கா."

"தெரிஞ்சுமா கேக்குற?"

"ஆமா. நிஜாம் வந்துட்டான் பாருங்க."

நிஜாம் மிஸ்கிட்ட என் கூட இங்கிலீஷ் படிக்கிறவன். படியேறும்போதே என் பொலம்பல் முழுக்க அவன் காதுல விழுந்திருக்கும். மொபைல் கடையில வேல. நல்லா வளந்த ஆளு. வாசல்ல நுழையும்போதே குனிவான். பின்னாலயே பவுன்ராஜ் அண்ணன், மெஷின நிறுத்திட்டு மேல வந்துட்டாரு. உதவி பண்ண இல்ல.

"சொவத்துல ஒரு கீறல் விழுந்தாலும் ஓனரு என்னையத்தான் கேப்பாரு. பாத்து, பாத்து."

"நீங்களும் ஒரு கை புடிக்கலாம்ல அண்ணே" அப்படின்னேன்.

"எனக்கு இடுப்பு சரியில்ல தங்கச்சி."

"வாய் நல்லா இருக்குல்ல."

"அது இருக்கு."

மிஸ் ஒரு பக்கம், நிஜாம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

"ஒன்னு, ரெண்டு, மூணு!"

தூக்குனோம். எனக்குத்தான் கோவம் இருந்துச்சே, எல்லாத்தையும் சேத்து முக்குனேன். நிஜாமும் முக்குனான். மிஸ்ஸும் முக்குச்சு. பீரோ வாசல் தாண்டி, படிக்கட்டுல மொத வளைவு வரைக்கும் வந்து, செவுத்துக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு.

மேலயும் போகல. கீழயும் வரல.

"தள்ளு!"ன்னேன்.

"தள்ளிட்டுத்தான் இருக்கேன் அக்கா!"ன்னான் நிஜாம்.

"இழுங்க!"ன்னுச்சு மிஸ்.

"நீ தள்ளுற, நான் இழுக்குறேன், மிஸ்ஸும் இழுக்குது. எல்லாரும் ஒரே மாதிரி பலமாத்தான் பண்றோம், அப்புறம் ஏன் வரல?"

நான் கேட்டது என் காதுலயே திரும்ப விழுந்துச்சு. எனக்கு அது புடிக்கல.

"செவுரு, செவுரு!"ன்னு கத்துனாரு பவுன்ராஜ் அண்ணன்.


திரும்ப ரூமுக்குள்ள இழுத்துட்டு வந்து வெச்சோம். நாலு பேருக்கும் மூச்சு வாங்குது. பவுன்ராஜ் அண்ணன் ஒன்னும் தூக்கல, அவருக்கும் வாங்குது.

மிஸ் பீரோ முன்னாடி நின்னுச்சு.

"அக்கா, இந்தப் பீரோவுல எது பீரோ?"

"என்ன கேள்வி இது? எல்லாம் பீரோதான்."

"அடியில இருக்குற ஸ்டாண்டு?"

"அது தனி. கடையில வேற மாதிரி கேட்டா வேற மாதிரி போட்டுக் குடுப்பான்."

"அப்ப கழட்டிடலாம்."

கழட்டுனோம். நிஜாம் பாக்கெட்லயே ஸ்க்ரூ டிரைவர் வெச்சிருப்பான், மொபைல் கடைக்காரன். சின்ன டிரைவர். அத வெச்சு அந்தப் பெரிய ஸ்க்ரூவோட அவன் போட்ட சண்டைய நின்னு பாக்கணும். கடைசியில பவுன்ராஜ் அண்ணன் போய் மெஷின் கழட்டுற ஸ்பேனர் எடுத்துட்டு வந்தாரு.

"கண்ணாடி?"

"அப்புறமா ஒட்டுனது. உங்க அம்மாதான் வேணும்னு கேட்டிருப்பாங்க."

"ஆமா. எப்படித் தெரியும்?"

"சீர் பீரோல கண்ணாடி இல்லன்னா சண்ட வரும்."

கண்ணாடியும் கழண்டுச்சு. உள்ள இருந்த தட்டுங்களும் கழண்டுச்சு. லாக்கர் டிராயர உருவுனோம். அதுக்குள்ள ஒரு பழைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் ஒரு நாப்தலின் உருண்டையும் இருந்துச்சு. போட்டோவுல மிஸ், ரெட்டைச் சடை.

"குடுங்க அக்கா" ன்னு புடுங்கிக்கிச்சு.

இப்ப நிக்கிறது வெறும் ஒடம்பு. பச்ச டப்பா. பாக்கவே பரிதாபமா இருந்துச்சு.

எனக்கு மண்டையில ஏதோ ஓடுச்சு.

"இப்ப என்ன சொல்ல வர்ற? வார்த்தையிலயும் முன்னால ஒட்டுனது, பின்னால ஒட்டுனதயெல்லாம் கழட்டிட்டா உள்ள ஒரு டப்பா இருக்கும்னா?"

"நான் பீரோவப் பத்திப் பேசுறேன் அக்கா."

"பொய் சொல்லாத."

"கீழ் பக்கத்தப் புடிங்க."


இந்தத் தடவ படுக்க வெச்சு எறக்குனோம். மேல் பக்கம் மிஸ்ஸும் நிஜாமும். கீழ் பக்கம் நான். எனக்கும் கீழ, பின்னாலயே படி எறங்கிக்கிட்டு, பவுன்ராஜ் அண்ணன். அவரு பீரோ மேல ஒரு வெரலக்கூட வைக்கல.

"ரைட்ல வா. லேசா லெஃப்ட். படி, படி. நில்லு. வா."

ரெண்டு படி எறங்குனதும் பீரோ மொத்தமா என் மேல வந்துச்சு.

"ஏய்! மேல புடிங்க! எல்லாம் எம் மேல வருது!"

"வரும் அக்கா. படி அப்படி."

"நீங்க ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?"

"கை வெச்சிருக்கோம்."

"கை வெச்சிருக்கீங்களா! அங்கென்ன ஆசீர்வாதமா பண்றீங்க? தூக்குங்க!"

"தூக்குனா இன்னும் உங்க மேல வரும்."

நெஜம்தான். நிஜாம் கொஞ்சம் தூக்குனான், எனக்கு மூச்சு நின்னுச்சு. "எறக்கு, எறக்கு!"ன்னு கத்துனேன். முதுகெல்லாம் வேர்வ. சுடிதார் ஷாலு எங்கயோ கால்ல சிக்குது. கீழ அந்த மனுஷன் ஒய்யாரமா கையப் பின்னால கட்டிக்கிட்டு எறங்குறாரு.

"அண்ணே, நீங்க தூக்கவும் இல்ல, தள்ளவும் இல்ல. உங்களுக்கு அடுத்து நின்ன பாவத்துக்கு நான் சாகுறேன்!"

"நான் எங்க நிக்கிறேனோ அத வெச்சுத்தான் தங்கச்சி வண்டியே திரும்பும்."

"பேசாதீங்க!"

அப்பத்தான் மேலேருந்து மிஸ்ஸு குரல். ரொம்ப சாவகாசமா.

"அக்கா, உங்க வாதத்துல மொத வரி என்ன?"

என் வாழ்க்கையில அவ்ளோ கோவம் எனக்கு வந்ததில்ல. மூணு ஆள் வெயிட்டு நெஞ்சு மேல. கால் அடுத்த படியத் தேடுது. அந்த நேரத்துல வாதமாம்.

"கான்ஸ்டிட்யூஷனாலிட்டிம்மா! இந்தச் சட்டத்தோட கான்ஸ்டிட்யூஷனாலிட்டி! இப்ப அதுவா முக்கியம், பாவி!"

மேல நிஜாம் சிரிக்க ஆரம்பிச்சான். அவன் சிரிச்சா பீரோ ஆடுது.

"அக்கா! சொல்லிட்டீங்க அக்கா!"

"என்னத்தடா சொன்னேன்?"

"ஹர்ஷினி மாதிரி பாதிய முழுங்கிச் சொன்னீங்க!"

"ஆட்டாதடா எரும!"

மிஸ்ஸும் சிரிச்சுது. பவுன்ராஜ் அண்ணனும் எதுக்குன்னே தெரியாம சிரிச்சாரு. கடைசியில எனக்கும் வந்துடுச்சு. பீரோவுக்கு அடியில நின்னுக்கிட்டுச் சிரிச்சா எப்படி இருக்கும்னு யாருக்காவது தெரியணும்னா என்னைக் கேளுங்க. விக்கல் எடுக்கும்.


வளைவுல பீரோவ நிமுத்தி வெச்சோம். டப்பா மட்டும்தானே, அழகாத் திரும்புச்சு. பவுன்ராஜ் அண்ணன் செவுத்தத் தடவிப் பாத்துட்டு, "ஒன்னும் ஆகல" ன்னாரு, கொஞ்சம் வருத்தமா.

"நிஜாம், நீ கீழ வா. அக்காவுக்கு அடுத்து" ன்னுச்சு மிஸ்.

நிஜாம் பீரோவுக்கும் கம்பிக்கும் நடுவுல பூந்து எனக்குக் கீழ வந்து நின்னான். அவனுக்குக் கீழ பவுன்ராஜ் அண்ணன், அதே மாதிரி கையக் கட்டிக்கிட்டு. நான் நடுவுல. மிஸ் மேல.

மறுபடி படுக்க வெச்சு எறக்க ஆரம்பிச்சோம்.

நான் பல்லக் கடிச்சுக்கிட்டு ரெடியா நின்னேன். வெயிட்டு வரல. இன்னும் ஒரு படி. வரல.

"ஏய், எம் மேல ஒன்னுமே இல்ல! யாரோ விட்டுட்டீங்க!"

"யாரும் விடல" ன்னுச்சு மிஸ். "நிஜாம் மேல இருக்கு."

நிஜாமால பேச முடியல. "ம்ம்" ன்னான்.

"அப்ப நான் எதுக்கு நடுவுல? சும்மாவா?"

"கைய எடுத்துப் பாருங்க."

எடுத்தேன்.

பீரோ செவுத்துப் பக்கம் லேசாச் சாஞ்சுது. "அக்கோவ்!"ன்னான் நிஜாம். "செவுரு!"ன்னாரு பவுன்ராஜ் அண்ணன். நான் பாஞ்சு புடிச்சேன். ஒரு பெரிய புடியெல்லாம் இல்ல, உள்ளங்கைய வெச்சேன், அவ்வளவுதான். பீரோ நேராயிடுச்சு.

"இருக்கீங்கள்ல?" ன்னுச்சு மிஸ்.

நான் வாயத் தொறந்தேன். என்ன சொல்றதுன்னு தெரியாம மூடிட்டேன். ஜவுளிக் கடைக்காரங்க யாராவது அங்க இருந்திருந்தா நம்பியிருக்க மாட்டாங்க.


கீழ எறக்கி, சந்தத் தாண்டி, புது ரூம்ல வெச்சு, ஸ்டாண்டு போட்டு, தட்டு போட்டு, கண்ணாடி மாட்டியாச்சு. பவுன்ராஜ் அண்ணன் நாலு டம்ளர்ல காப்பி கொண்டு வந்தாரு. அத மட்டும் அவரே தூக்கிட்டு வந்தாரு.

"சரி, பதில்" அப்படின்னேன்.

"எதுக்கு?"

"சொல்றேன்னீங்கள்ல. பீரோவ எறக்குனதும் சொல்றேன்னீங்க."

"எறக்கியாச்சே."

"அதான், சொல்லுங்க."

மிஸ் காப்பியக் குடிச்சுது.

நான் எந்திரிச்சு நின்னு அந்த வார்த்தையச் சொல்லிப் பாத்தேன். "கான். ஸ்டி. ட்யூ. ஷ." மறுபடி கூட்ஸ் வண்டி. கண்ணாடியில என் மூஞ்சியே எனக்குக் கடுப்பா இருந்துச்சு.

"அங்க வந்துச்சு! இங்க வரமாட்டேங்குது!"

"அங்க உங்ககிட்ட மூச்சு கொஞ்சம்தான் இருந்துச்சு."

"அதுக்கு? கோர்ட்டுக்குப் பீரோவ எடுத்துட்டுப் போகவா?"

"எடுத்துட்டுப் போங்க" ன்னுச்சு மிஸ். டம்ளரக் கழுவப் போயிடுச்சு.

நான் செருப்ப மாட்டிக்கிட்டு வந்துட்டேன். போய்ட்டு வரேன்னுகூடச் சொல்லல.


டவுன் பஸ்ல ஜன்னல் சீட்டு கெடச்சுது. தோள்பட்டை விண்ணு விண்ணுன்னு வலிக்குது. கண்ண மூடுனா பவுன்ராஜ் அண்ணன்தான் வர்றாரு. கையப் பின்னால கட்டிக்கிட்டு, படி எறங்கிக்கிட்டு.

ஒரு வெரல்கூட வைக்காத மனுஷன். ஆனா அவரு எங்க நிக்கிறாரோ, அவருக்கு அடுத்து மேல நிக்கிறவங்க தலையிலதான் பீரோ.

எனக்குத் திடீர்னு முழிப்பு வந்துச்சு.

கான்ஸ்டிட்யூட். அண்ணன் இன்னும் வரல. மொத ஆள் கானே தூக்கிட்டுப் போறான்.

கான்ஸ்டிட்யூஷன். அண்ணன் வந்துட்டாரு. ஷன்னு கடைசியில நிக்கிறாரு, கையக் கட்டிக்கிட்டு. அவருக்கு அடுத்து மேல யாரு? ட்யூ. போச்சு, நங்குன்னு அந்தக் குத்து ட்யூ மேல விழுந்துச்சு.

கான்ஸ்டிட்யூஷனாலிட்டி. இப்ப லிட்டி அண்ணன் கீழ நிக்கிறாரு. ட்யூவுக்கு நிம்மதி. னா மேல வந்துடுச்சு பீரோ.

அப்ப கான்? ஸ்டி? ஷ?

கை வெச்சிருக்காங்க.

"கான்ஸ்டிட்யூஷனாலிட்டி" ன்னேன். வந்துச்சு. "கான்ஸ்டிட்யூஷன்" ன்னேன். வெயிட்டு நகந்து போச்சு. "கான்ஸ்டிட்யூட்" ன்னேன். மொத ஆள் கிட்ட போயிடுச்சு. திரும்பக் கீழ கொண்டாந்தேன். ஒரே பீரோ. ஆளாளுக்கு ஒரு வளைவுல தூக்குறாங்க. சத்தமாவே சிரிச்சுட்டேன்.

பக்கத்துல ஒக்காந்திருந்த அம்மா கூடையத் தூக்கிக்கிட்டு வேற சீட்டுக்குப் போயிட்டாங்க.


திங்கக்கெழம. சுலோச்சனா மேடம் ஜட்ஜ் நாற்காலியில. பின்னால கிளாஸ் மொத்தமும். சிரிக்கிறதுக்கு ரெடியா வந்து ஒக்காந்திருக்கு.

"அக்கா, ஆல் த பெஸ்ட்" ன்னா ஹர்ஷினி.

"நெஜமாவா சொல்ற?"

"நெஜமாத்தான். உங்க வாதத்த நீங்க பேசுறதுதான் நல்லது. எனக்கு அதுல பாதி புரியவே இல்ல."

அவ மேல கோவப்படலாம்னு வந்தேன். முடியல. பெரிய நஷ்டம்.

எந்திரிச்சேன். மே இட் ப்ளீஸ் யுவர் லார்ட்ஷிப்னு ஆரம்பிச்சேன். மொத வரி. படிக்கட்டு வந்துச்சு. லிட்டி அண்ணன் கீழ எறங்குனாரு. னா தூக்குச்சு. மத்தவங்க கை வெச்சாங்க.

வார்த்த போயிடுச்சு. எந்தச் செவுத்துலயும் இடிக்கல.

பின்னால யாரும் சிரிக்கல. ரெண்டு பேரு நிமிந்து ஒக்காந்தானுங்க. நான் அப்படியே போய்க்கிட்டே இருந்தேன். ஆறு மணிக்கு மேல பையன் போகலாம், பொண்ணு போகக்கூடாதுன்னா பயமுறுத்துறவன வெளிய விட்டுட்டு பயப்படுறவளப் பூட்டி வெக்கிறீங்களான்னு இங்கிலீஷ்லயே கேட்டேன்.

மேடம் பேனாவக் கீழ வெச்சாங்க.

"கவுன்சல், பாதுகாப்புக்காகத்தானே இந்தச் சட்டம்? ப்ரப்போர்ஷனாலிட்டி பத்தி என்ன சொல்றீங்க?"

எனக்குத் திக்குன்னுச்சு. கேள்வி புரியாம இல்ல. கொசுவ அடிக்கக் கோடாலி எடுக்கலாமாங்கிறதுதான் கேள்வி. அதுக்கு என்கிட்ட ரெண்டு பக்கத்துக்குப் பதில் இருக்கு. ஆனா அந்த வார்த்தைய நான் எழுதியிருக்கேன், ஒரு தடவகூட வாயால சொன்னதில்ல. வேற ஆளு, வேற வீடு, வேற பீரோ.

மேசைக்குக் கீழ ஹர்ஷினி ஒரு பேப்பர நகத்துறா. நான் அதப் பாக்கல. வார்த்தையோட கடைசியப் பாத்தேன்.

அங்க பவுன்ராஜ் அண்ணன் நிக்கிறாரு.

அதே லிட்டி. அதே ஒய்யாரம். கையப் பின்னால கட்டிக்கிட்டு.

சிரிப்பு வந்துடுச்சு. கோர்ட்டுல சிரிக்கக் கூடாது. அடக்கிக்கிட்டேன். "ப்ரப்போர்ஷனாலிட்டி, யுவர் லார்ட்ஷிப்..." ன்னு ஆரம்பிச்சு, அண்ணனுக்கு அடுத்து மேல நின்ன னா தலையில பீரோவ வெச்சு, மத்த எல்லாரையும் கை வெக்கச் சொல்லி, எறக்கிட்டேன். அப்புறம் ரெண்டு பக்கத்தயும் சொன்னேன். மேடம் குறுக்க கேட்டாங்க, அதுக்கும் சொன்னேன். திரும்பக் கேட்டாங்க, திரும்பச் சொன்னேன். ஒரு எடத்துல மேசையத் தட்டிட்டேன்.

மேடம் கண்ணாடியக் கழட்டுனாங்க.

"பூங்கோதை."

"மேடம்."

"நீயே பேசு. ஹர்ஷினி பேப்பர் எடுத்துக் குடுக்கட்டும்."

"சரி மேடம்."

"ஆனா ஜட்ஜ மெரட்டக் கூடாது."

"நான் எங்க மேடம் மெரட்டுனேன்? நீங்கதானே..."

"பூங்கோதை!"

"சரி மேடம்."


காலேஜ் விட்டதும் நேரா பாலக்கரைக்கு ஓடுனேன். வழியில கால் கிலோ அல்வா வாங்கிக்கிட்டேன். சந்துக்குள்ள திரும்பும்போதே கத்துனேன்.

"மிஸ்! நான்தான் பேசுறேன்! நானேதான் பேசுறேன்!"

புது ரூம் வாசல்ல மிஸ் தரையில ஒக்காந்திருந்துச்சு. கையில கயிறு. முன்னால புத்தகக் கட்டு.

பக்கத்துல நிஜாம், ஸ்பேனரோட. பீரோவோட கண்ணாடி ஏற்கனவே கழண்டு செவுத்துல சாஞ்சிருக்கு.

"என்ன மிஸ் இது?"

"ஓனர் பையன் கல்யாணம் முடிஞ்சதும் பெங்களூர்ல குடியிருக்கப் போறானாம். மாடிய நம்மளையே வெச்சுக்கச் சொல்லிட்டாரு."

"அதுக்கு?"

"பீரோவ மேல ஏத்தணும்."

நான் மிஸ்ஸப் பாத்தேன். பீரோவப் பாத்தேன். எதிர்ல, பழைய மாடிப் படிக்கட்டு அடியில பவுன்ராஜ் அண்ணன் ஏற்கனவே வந்து நின்னுட்டாரு, கையப் பின்னால கட்டிக்கிட்டு.

எவ்ளோ திட்டலாம். அவ்ளோ இருக்கு என்கிட்ட.

அல்வாவ ஜன்னல்ல வெச்சேன். ஷால இடுப்புல சுத்திக் கட்டுனேன்.

"டேய் நிஜாம், நீ தள்ளி நில்லு. அண்ணனுக்கு அடுத்து நான் நிக்கிறேன்."